பி.எஸ்ஸி.க்குள் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுக் கல்லூரிப் படிப்பைப் பிரித்துப் பார்த்தால்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கலை அறிவியல் கல்லூரி வாசல்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி, "பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா, பி.சி.ஏ நல்லதா?" என்பதுதான். இரண்டும் கிடைக்காதவர்கள், "பி.காம் சி.ஏ இருக்கா சார்?" என்பார்கள்; இங்கே சி.ஏ என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். எல்லாரும் பட்டத்தின் பெயரைத்தான் விசாரிக்கிறார்கள். கல்லூரிகளுக்கும் இது தெரியும். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று ஆண்டுக்கு ஆண்டு பெயர்ப்பலகை நீண்டுகொண்டே போவது அதனால்தான். மூன்று வருடம் கழித்து அந்தப் பட்டத்தோடு எம்.எஸ்ஸி சேர்க்கைக்குப் போனாலும், ஜெர்மனியில் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தாலும், எதிரே இருப்பவர் மதிப்பெண் பட்டியலை வரி வரியாகப் படிப்பார். என்ன தாள், எத்தனை கிரெடிட் (தாளின் எடையைச் சொல்லும் எண்), எந்தப் பகுதியில் வருகிறது என்று பார்ப்பார். சேரும்போது நாம் பார்க்காமல் விட்டதை அவர் முதலில் பார்ப்பார்.

அந்தப் பட்டியல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் நடக்கும் மூன்றாண்டுப் படிப்புகள் ஐந்து பகுதிகள் கொண்டவை. பகுதி ஒன்று தமிழ், அல்லது அதற்குப் பதிலாக எடுக்கும் வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில்தான் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்), எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எல்லாம் வருகின்றன. பகுதி நான்கில் திறன் வளர்ப்புத் தாள்கள், வேறு துறைத் தாள்கள், மதிப்புக் கல்வி, உச்ச நீதிமன்ற உத்தரவால் நாடு முழுக்கக் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்வி. பகுதி ஐந்து என்.எஸ்.எஸ், என்.சி.சி, விளையாட்டு போன்றவை. எல்லாம் சேர்த்து வழக்கமாக 140 கிரெடிட். மொழித் தாள் ஒவ்வொன்றும் 3 கிரெடிட் என்று வைத்தால் தமிழும் ஆங்கிலமும் நான்கு செமஸ்டருக்கு 24 கிரெடிட் ஆகிறது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இந்த 24-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஜெர்மனிக்குப் போகும்போது தேவைப்படும்.

பலரும் கவனிக்காத ஒன்று, வகுப்புத் தகுதி பகுதிவாரியாகவே தரப்படுகிறது என்பது. கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டின் கடைசியில் பகுதி ஒன்றுக்குத் தனியாக, பகுதி இரண்டுக்குத் தனியாக, பகுதி மூன்றுக்குத் தனியாக வகுப்பு போட்டிருக்கும். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் பகுதி மூன்றைத்தான் சொல்கிறார். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி 45 வாங்கியவரும் வேதியியலில் முதல் வகுப்புக்காரராக வெளியே வரலாம். ஆனால் ஆங்கிலத்தில் அரியர் நின்றால் பட்டமே வராது.

மொழியில் தேறாதவனுக்கு அறிவியலிலும் வழி கிடையாது என்பது இங்கே இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலிருந்தே மொழி கட்டாயம்தான். அதற்குப் பலியானவர்களில் பெரிய பெயர் ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ (பட்டத்துக்கு முந்தைய அக்கால இடைநிலைப் படிப்பு) சேர்ந்தவர் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். கணிதம் தவிர உடலியல் போன்ற மற்ற தாள்கள் அங்கேயும் காலை வாரிவிட்டன. எஃப்.ஏ.வை அவர் முடிக்கவே இல்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார், 1916-இல் ஆய்வுக்காகவே பி.ஏ வாங்கினார். உடலியலில் தோற்றது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, மொழிப்பாடம் வீண்" என்று வாதிடுபவர்கள் உண்டு. ராமானுஜனை வைத்து லட்சக்கணக்கானோருக்கான பாடத்திட்டத்தை எழுத முடியாது என்பது என் பக்கம். அகலமாகப் படி என்று சொல்லும் அமைப்பு ஆழமாகப் போக நினைப்பவரிடம் ஒரு விலை கேட்கும் என்பது மட்டும் உண்மை. அந்த விலை இன்றும் இருக்கிறது. இப்போது அதைக் கிரெடிட்டில் கட்டுகிறோம்.

பகுதி ஒன்றுக்கு வருவோம். தமிழ் எடுத்தால் இக்கால இலக்கியத்தில் தொடங்கி, பக்தி இலக்கியம், காப்பியம், சங்க இலக்கியம் என்று பின்னோக்கிப் போகும் வரிசை. கூடவே இலக்கிய வரலாறும் இலக்கணமும். இதைத் தவிர்க்க நகரத்துக் கல்லூரிகளில் ஒரு பழைய உத்தி உண்டு, பிரெஞ்சு எடுப்பது. மொழி மேல் ஆசைப்பட்டு எடுப்பவர்கள் சிலர். மார்க்குக்காக எடுப்பவர்களே அதிகம். பிளஸ் ஒன்னிலேயே இந்தக் கணக்கைப் போட்டு வந்தவர்களுக்குக் கல்லூரியில் முதல் செமஸ்டர் பிரெஞ்சு, படித்ததையே மறுபடி படிப்பதுதான்.

மார்க் கிடைக்கும், சரி. அப்புறம்? மேலே சொன்ன பகுதிவாரி வகுப்பினால் பிரெஞ்சில் வாங்கிய 95 இயற்பியலின் வகுப்பை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. மொழித்திறன் என்று பார்த்தாலும், வாரத்துக்குச் சில மணி நேரம் வீதம் நான்கு செமஸ்டர் எழுத்துத் தேர்வுக்குப் படித்தவர் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஐரோப்பிய அளவுகோலில் ஏ2-ஐ எட்டினாலே பெரிது. பிரெஞ்சு வழியில் பாடம் நடக்கும் பல்கலைக்கழகங்கள் பொதுவாக பி2 கேட்கின்றன. நடுவில் பி1 என்று ஒரு முழுப் படி இருக்கிறது. கல்லூரி மார்க் ஷீட்டில் பிரெஞ்சு இருப்பதற்காக யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பிரெஞ்சுத் திறனுக்கான டெல்ஃப் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடத்துக்குத் தனியாகப் போய்த்தான் ஆகவேண்டும்.

அரசு வேலைப் பக்கம் இதற்கு இன்னொரு விளைவு உண்டு. டி.என்.பி.எஸ்.சி தேர்வுகளில் இப்போது தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 4-இல் நூறு கேள்விகள் கொண்ட தமிழ்ப் பகுதியின் மார்க் தரவரிசைக்கே கணக்காகிறது. பகுதி ஒன்று தமிழை ஒழுங்காகப் படித்தவருக்கு அந்த நூறு கேள்விகளில் பாதி பழைய நண்பர்கள். அதுபோல, பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010-இல் வந்த சட்டப்படி அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழி இயற்பியல், கணிதம், வரலாறு எடுப்பவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தே எடுக்கிறார்கள். ஆங்கிலம் வராததால்தான் தமிழ் வழி எடுத்தார்கள் என்று வெளியிலிருந்து முடிவு கட்டுவது பாதி உண்மைதான்.

இனி அறிவியல். இங்கே கதையின் நாயகன் மேஜர் அல்ல, அலைடு. பி.எஸ்ஸி இயற்பியலுக்குக் கணிதமும் வேதியியலும் அலைடு. கணிதத்துக்கு இயற்பியல் அல்லது புள்ளியியல். வேதியியலுக்குக் கல்லூரியைப் பொறுத்துக் கணிதம், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் என்று மாறும். மாணவர்கள் அலைடை ஒப்புக்குப் படிக்கும் தாளாகவே நடத்துகிறார்கள். ஆனால் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி இயற்பியல் சேரப் போனால், பட்டப் படிப்பில் குறைந்தது இரண்டு செமஸ்டராவது கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். வேதியியலுக்கும் கணிதத்தைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சில ஐ.ஐ.டி.களில் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் பிரிவை எடுத்து, கல்லூரியிலும் உயிரியல் பக்க அலைடோடு பி.எஸ்ஸி வேதியியல் முடித்தவர் அங்கே நிற்கிறார். ரேங்க் இருக்கிறது, தகுதி இல்லை. சேர்ந்த நாளில் டிபார்ட்மென்ட்டில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: "மேடம், அலைடு என்னென்ன?"

எம்.சி.ஏ.வுக்கும் இதே கதைதான். பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் துறைக்கு வந்தால் முதலில் ஷிப்ட் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் காலை ஷிப்டில் தமிழ், வரலாறு, இயற்பியல், விலங்கியல் எல்லாம் சில ஆயிரம் ரூபாயில் நடக்கும். மதியம் தொடங்கும் ஷிப்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ, விஸ்காம் எல்லாம் பல மடங்கு கட்டணத்தில் நடக்கும். அதே கட்டடம், அதே பல்கலைக்கழகப் பட்டம். 1990-களிலிருந்து தொடங்கிய பாடப்பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசு ஆசிரியர் சம்பளம் தரவில்லை, அவை சுயநிதியாகவே வந்தன. கணினி அதற்குள் மாட்டிக்கொண்டது. ஏழை மாணவர் காலை ஷிப்டில் கணிதம் படிக்கிறார், கொஞ்சம் வசதி உள்ளவர் மதியம் கம்ப்யூட்டர் படிக்கிறார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நிரல் எழுதுவதை நாலு மாதத்தில் பழகிக்கொள்ளலாம், நேரியல் இயற்கணிதத்தை அப்படிப் பழக முடியாது. மெஷின் லேர்னிங் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்குக் காலை ஷிப்ட் கணிதம் மலிவானது மட்டுமல்ல, பல சமயம் உறுதியானதும்கூட. இதை எந்தக் கல்லூரியும் அட்மிஷன் கவுன்டரில் சொல்லாது.

பி.எஸ்ஸி சி.எஸ், பி.சி.ஏ கேள்விக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பொதுவாக முதலாவதில் கணித அலைடு கூடுதல். இரண்டாவதில் அக்கவுன்டிங் போன்ற வணிகத் தாள் எட்டிப் பார்க்கும், கணிதம் படிக்காதவரையும் சேர்த்துக்கொள்வார்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஜாவா, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் இரண்டிலும் உண்டு. வேலைக்கு எடுக்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இரண்டையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைக்கின்றன. மேல்படிப்பு என்றால்தான் வித்தியாசம் தெரியும். செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூடிய பட்டங்களைப் பொறுத்தவரை, பாடத்திட்டத்தை இறக்கிப் பக்கத்தில் பழைய பி.எஸ்ஸி சி.எஸ் பாடத்திட்டத்தை வைத்துப் பாருங்கள். எத்தனை தாள் உண்மையில் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்காகக் கேட்கும் கூடுதல் கட்டணத்தை முடிவு செய்யுங்கள்.

மூன்று வருடப் பட்டம் வெளிநாட்டில் செல்லுமா? நாட்டுக்கு நாடு பதில் வேறு. பிரிட்டனில் பட்டப் படிப்பே மூன்று வருடம்தான், அதனால் சிக்கல் இல்லை; 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒன்றன் பட்டத்தை மற்றது ஏற்பதாக ஒப்பந்தமும் போட்டன. ஆஸ்திரேலியாவும் அப்படியே. அமெரிக்காவில் நான்கு வருடம் வழக்கம் என்பதால் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு ஆண்டுக் கல்வி கேட்கும். ஆனால் அங்கே பட்டங்களை மதிப்பிடும் பெரிய அமைப்பான வெஸ், நாக் (கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு) அளிக்கும் ஏ தரம் பெற்ற நிறுவனத்தில் முதல் வகுப்பில் முடித்த மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்கு நிகராக வைக்கிறது. அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இஷ்டம். நாக் கிரேடு விளம்பரத் தட்டிக்கு மட்டும் ஆனது என்று நினைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

ஜெர்மனிதான் மார்க் ஷீட்டை உண்மையிலேயே பிரித்து மேய்கிற நாடு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாததால் நம் பிள்ளைகளின் கண் அங்கே போகிறது. விதிவிலக்குகள் உண்டு: பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்குமுன் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ் சான்றிதழும் வாங்க வேண்டும். அது மதிப்பெண் பட்டியல் உண்மையானதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு.

இத்தனையும் முடிந்த பிறகுதான் படிப்பைப் பற்றிய கேள்வி வருகிறது. ஐரோப்பாவில் மூன்றாண்டுப் பட்டம் 180 இ.சி.டி.எஸ் கிரெடிட். நம் 140-ஐ அந்த 180-க்கு விரித்துத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் நம் ஒரு கிரெடிட் ஏறக்குறைய 1.29. இப்போது அந்த 24-ஐ எடுங்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து சுமார் 31 ஐரோப்பிய கிரெடிட். பாதி வருடப் படிப்பு. ஜெர்மனியில் கணினியியல் படிக்கும் மாணவர் அந்தப் பாதி வருடத்தையும் கணிதத்திலும் கணினிக் கோட்பாட்டிலும் செலவிட்டிருப்பார். நம்மவர் இரண்டு அலைடு கணிதத் தாள், தாளுக்கு 5 கிரெடிட் என்று காட்டினால் 13 வருகிறது. அங்குள்ள துறைகள் கணிதத்தில் மட்டும் 20, 30 என்று கேட்பது சாதாரணம். விண்ணப்பம் திரும்புகிறது. "நல்ல பெர்சன்டேஜ், ஏன் ரிஜெக்ட்?" என்று குழம்புபவர்களில் பலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பெர்சன்டேஜையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1.0 தான் முதல் தரம், 4.0 கடைசித் தேர்ச்சி. பத்துக்கு 8 வாங்கியவர், தேர்ச்சி 4 என்றால், 2.0 பெறுவார். அதே 8, ஆனால் தேர்ச்சி மதிப்பு 5 என்று வைத்திருக்கும் பல்கலைக்கழகம் என்றால் 2.2 ஆகிவிடும். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் 40 தான் பாஸ் என்பது இந்த ஒரு இடத்தில் நமக்குச் சாதகம். 7 வாங்கியவருக்கு 2.5 வரும், பல துறைகள் கோடு போடுவது அந்த இடத்தில்தான்.

பிளஸ் டூ முடித்த கையோடு ஜெர்மனியில் பேச்சலர் சேர நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பள்ளி மார்க் மட்டும் போதாது. ஜே.இ.இ அட்வான்ஸ்டில் தேற வேண்டும். அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் நன்றாக முடிக்க வேண்டும், அப்போது அது சார்ந்த துறைக்கு வழி திறக்கும். அரசுக் கல்லூரியின் முதலாண்டு பி.எஸ்ஸி அந்த ஒரு வருடமாக இருக்கலாம். பேச்சலர் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் என்பதால் அந்த வருடத்திலேயே மொழியையும் ஏற்றிவிட வேண்டும். ஜெர்மன் கற்றுத்தரும் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1-இல் தொடங்குகிறவர் கல்லூரியோடு சேர்த்துப் படித்தால் ஒரே வருடத்தில் பி2-ஐத் தொடுவது கடினம். ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் படிப்புக்கு இந்தச் சுமை இல்லை, ஐ.இ.எல்.டி.எஸ் போதும், ஆனால் மார்க் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் முதலாண்டிலேயே எழுதிவைப்பதில் பயன் கிடையாது.

நான்காம் வருடம் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி) வெளியிட்ட திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. மொழி போன்ற தொடர்புத் திறன் தாள்களுக்கு அதில் 8 கிரெடிட்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் 2022-லேயே மாறியது; கேரளா 2024-இல் தொடங்கியது. தமிழ்நாடு மூன்று வருடத்திலேயே நிற்கிறது. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நம் கலைக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பங்கினர் வீட்டின் முதல் பட்டதாரிகள், மூன்றாம் வருட முடிவில் சம்பளம் தேவைப்படுபவர்கள். வெளிநாடு போகும் சிலருக்காக அத்தனை பேருக்கும் ஒரு வருடம் கூட்ட வேண்டியதில்லை. தவிர, ஆண்டுக் கணக்கு மட்டுமே தீர்மானிப்பதும் இல்லை. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் கணிதம், கணினியியல் பி.எஸ்ஸி ஹானர்ஸ் மூன்று வருடம்தான். அந்தப் பட்டத்தோடு நேராக வெளிநாட்டு முனைவர் படிப்புக்குப் போனவர்கள் ஏராளம். மார்க் ஷீட்டின் வரிகள் அங்கே பேசுகின்றன.

ஆகவே சாதாரணக் கல்லூரியில் படிப்பவர் செய்யக்கூடியது அந்த வரிகளைக் கூட்டுவது. இப்போது வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் தாள்களை ஒரு செமஸ்டரின் 40 விழுக்காடு வரை கணக்கில் எடுக்கலாம் என்று யு.ஜி.சி அனுமதித்திருக்கிறது; உங்கள் கல்லூரி எவ்வளவு ஏற்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல் ஆன்லைன் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐ.ஐ.டி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு இன்று நான்காண்டு பி.எஸ் பட்டம். ஜே.இ.இ தேவையில்லை, அவர்களே வைக்கும் தகுதித் தேர்வு போதும், இடையில் டிப்ளமோவோடு வெளியேறவும் செய்யலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யு.ஜி.சி அனுமதித்ததால், காலையில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி கணிதமும் இரவில் இதுவும் படிப்பவர்கள் உண்டு. அந்த ஐ.ஐ.டி படிப்பின் அடித்தள நிலையில் உள்ள எட்டுத் தாள்களில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு. மீதியில் இரண்டு எது என்று பார்த்தால், ஆங்கிலம்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அந்த ஆண்டின் பாடத்திட்டத்தை, அலகு வாரியாகத் தலைப்புகள் உள்ள முழுப் பிரதியை, துறைத் தலைவரின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். பழையது இணையதளத்திலிருந்து காணாமல் போகும். மார்க் ஷீட்டில் 'மேத்தமேட்டிக்ஸ் 1' என்று மட்டும்தான் இருக்கும். அதற்குள் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இருந்ததா, மேட்ரிக்ஸ் இருந்ததா என்று கேட்டு மின்னஞ்சல் வரும்போது பதில் சொல்ல பத்து நாள்தான் கொடுப்பார்கள், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அதற்கு ஒரு மாதம் ஆகும்.